கறவை ஆட்டின் மடியைப் பார்க்கப் பழகுவது: புதிதாக ஆடு வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆட்டு மடியின் ஒரு பக்கத்தில் கோளாறு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. அதே மடியின் மறுபக்கம்தான் அது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பையாகத் தெரியும் மடி, உள்ளே இரண்டு. நடுவில் ஓடும் நார்த்திசுச் சுவர் இடப்பாதியையும் வலப்பாதியையும் முழுதாகப் பிரித்துவிடுகிறது. ஒவ்வொரு பாதிக்கும் தனிச் சுரப்பி, தனிக் காம்பு. இந்தப் பக்கத்துப் பால் அந்தப் பக்கம் போவதில்லை. கிருமியும் பெரும்பாலும் ஏதாவது ஒரு காம்புத் துளை வழியாகத்தான் முதலில் உள்ளே புகும். ஒரே ஆடு, ஒரே தீவனம், ஒரே கொட்டகை, கறப்பதும் ஒரே ஆள். அப்படியிருந்தும் ஒரு பாதி மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ சுருங்கியோ இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைத் தேடுவதைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

முதல் வேலை: நல்ல மடியைக் கைக்குப் பழக்குவது

நோய் வந்த பிறகு மடியைத் தொட்டுப் பார்ப்பவருக்கு எது நோய் என்றே தெரியாது. ஆடு நன்றாக இருக்கும்போதே தொட்டுப் பழக வேண்டும். அதற்கு ஏற்ற நேரம் கறந்து முடித்த உடனே. பால் நிறைந்த மடி எல்லாமே விறைப்பாகத்தான் இருக்கும். உள்ளே கட்டி இருந்தாலும் அந்த விறைப்பு மறைத்துவிடும். கறந்து வெறுமையான மடி தளர்ந்து, தோல் சுருக்கம் விழுந்து, பிசைந்தால் உள்ளே முழுக்க ஒரே சீராக மெத்தென்று இருக்க வேண்டும்.

ஆட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் இரண்டு பாதியிலும் ஒரே நேரத்தில் வையுங்கள். மேலிருந்து கீழாக மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். சூட்டைப் பார்க்கப் புறங்கை நல்லது. காம்பை அடியிலிருந்து நுனி வரை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள். உள்ளே கயிறு ஓடுவது மாதிரித் தட்டுப்பட்டாலோ சிறு உருண்டை நகர்ந்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். மடியின் பின்புறம் மேலே, தொடை சேரும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக நிணநீர்க் கணு இருக்கிறது. சாதாரணமாக அது கைக்கு எளிதில் அகப்படாது. ஒரு பக்கம் மட்டும் நன்றாகத் தட்டுப்பட்டால் அந்தப் பாதியில் ஏதோ நடக்கிறது, அல்லது அந்தக் கணுவிலேயே சீழ்க்கட்டி உருவாகிறது.

இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆட்டின் பெயரோ எண்ணோ போட்டு, இடம், வலம் என்று இரண்டு கட்டம் பிரித்து ஒரு நோட்டில் எழுதி வைப்பது பெரிய உதவி. நினைவை நம்பாதீர்கள். இந்தக் கெட்டி போன மாதமும் இருந்ததா என்ற கேள்விக்கு நோட்டுதான் பதில் சொல்லும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இரண்டு பாதியும் அளவில் ஒன்றாக இல்லை என்பதாலேயே நோய் என்று முடிவு கட்டக்கூடாது. ஒற்றைக் குட்டி ஒரே காம்பில் குடித்துப் பழகிவிட்டால் குடிக்காத பக்கம் பெருத்தோ, சில நாளில் சுரப்பு குறைந்து சிறுத்தோ போகும். இரண்டு பாதியும் மெத்தென்று இருந்து, பாலும் நன்றாக இருந்தால் அது குட்டியின் பழக்கக் கோளாறு. அளவு மாறினாலும் மென்மை மாறாமல் இருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

இரண்டாவது வேலை: முதல் பீச்சைப் பார்ப்பது

ஒவ்வொரு முறை கறக்கும்போதும், பாத்திரத்தை வைப்பதற்கு முன்னால், ஒவ்வொரு காம்பிலிருந்தும் இரண்டு மூன்று பீச்சு தனியாக ஒரு கிண்ணத்தில் எடுங்கள். கிண்ணம் கறுப்பாக இருந்தால் திரி, செதில், நீர்த்த பால் எல்லாம் பளிச்சென்று தெரியும். இடப்பாலும் வலப்பாலும் கலக்கக்கூடாது. தரையில் பீச்சாதீர்கள், அந்தத் தரையில்தான் அடுத்த ஆடு படுக்கும். உள்ளங்கையில் பீச்சிப் பார்ப்பது இன்னும் மோசம், அதே கையால்தானே அடுத்த காம்பைப் பிடிக்கப் போகிறீர்கள்?

திரிதிரியாக வருவது, மோர் மாதிரித் தண்ணீராக வருவது, மஞ்சள் சீழ், சிவப்பு, துர்நாற்றம் இவை எல்லாம் உடனே கவனிக்க வேண்டியவை. குட்டி ஈன்ற முதல் சில நாள் வரும் சீம்பால் மட்டும் கணக்கில் சேராது. அது இயல்பாகவே கெட்டியாகவும் மஞ்சளாகவும் இருக்கும். மடிநோய் வந்த பாலில் உப்பு கூடும் என்பது உண்மை. அதற்காக வாயில் விட்டுப் பார்க்க வேண்டாம்.

மூன்றாவது: கண்ணுக்குத் தெரியாததைச் சோதிப்பது

மடிநோயில் பெரும்பகுதி வெளியே தெரியாது. மடி நன்றாக இருக்கும், பால் வெள்ளையாக இருக்கும், அளவு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஆடுகளில் இந்த மறைந்த வகையை அதிகம் உண்டாக்குபவை தோலிலேயே வாழும் சில ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிகள். இவற்றைப் பிடிக்க எளிய வழி கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை. மாடுகளுக்காக வந்த அதே தட்டுதான். நாலு குழியில் இரண்டு போதும். ஒரு குழியில் இடப்பால், இன்னொன்றில் வலப்பால், பக்கத்துக்கு சுமார் 2 மில்லி. அதே அளவு சோதனைக் கரைசலை ஊற்றிப் பத்து விநாடி தட்டைச் சுற்றி ஆட்டுங்கள். கரைசலில் இருப்பது ஒரு வகைச் சோப்பு. பாலில் உள்ள செல்களை அது உடைக்கிறது. உடைந்த செல்களின் மரபுப்பொருள் வெளியே வந்து கலவையைக் கொழகொழவென்று ஆக்குகிறது. செல் எவ்வளவு அதிகமோ அவ்வளவு கெட்டி.

மாட்டுக்கு எழுதிய கையேட்டை அப்படியே ஆட்டுக்கு வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஆடு பால் சுரக்கும் விதமே சற்று வேறு. சுரப்புச் செல்களின் நுனித் துணுக்குகளும் பாலோடு உதிர்ந்து வரும். போதாததற்கு, நோயில்லாத ஆட்டுப் பாலிலும் செல் எண்ணிக்கை மாட்டைவிடக் கூடுதல். கறவைக் காலம் முடியும் தறுவாயில் அது இன்னும் ஏறும். ஆடு பருவத்துக்கு வரும்போதும் ஏறும். எனவே இரண்டு குழியிலும் ஒரே மாதிரி இலேசாகக் கெட்டித்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒன்று தண்ணீராகவே இருந்து மற்றொன்று நன்றாகக் கெட்டித்துத் தட்டில் திரண்டால் அந்தப் பாதியைச் சந்தேகியுங்கள். பால் கூடத்தில் கருவியால் செல் எண்ணித் தந்தார்கள் என்றால், மரபுப்பொருளை மட்டும் அடையாளம் காணும் முறையில் எண்ணினார்களா என்று கேளுங்கள். வேறு முறையில் எண்ணினால் உதிர்ந்த துணுக்குகளும் செல்லாகக் கணக்கில் ஏறிவிடும்.

மாதம் ஒரு முறை, பால் வற்றவைப்பதற்கு முன்பு ஒரு முறை, வெளியிலிருந்து ஆடு வாங்கினால் கொட்டகைக்குள் விடும் முன் ஒரு முறை. அதற்கு மேல் தேவையில்லை.

ஈன்ற ஆட்டின் கெட்டி மடி: இங்கேதான் குழப்பம்

புதிதாக வளர்ப்பவர்கள் மிகவும் தடுமாறும் இடம் இது. குட்டி ஈன்ற ஆடு, பெருத்த மடி, தொட்டால் கெட்டி, பால் சரியாக வரவில்லை. மடிநோய் என்று நினைத்து ஊசிக்கு ஓடுகிறார்கள். ஆனால் இதே தோற்றத்துக்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் உண்டு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதலாவது நீர்க்கோவை. ஈனும் தறுவாயில், அதிலும் தலைச்சன் ஆட்டுக்கு, மடித் தோலுக்கு அடியில் நீர் தேங்கும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வீங்கும். விரலால் அழுத்தி எடுத்தால் பிசைந்த மாவில் பதிந்த மாதிரி குழி அப்படியே நின்று மெல்ல நிரம்பும். பெரிய வலி இருக்காது, ஆடு நன்றாக மேயும், பாலில் திரி இருக்காது. இதற்கு மருந்தைவிடக் கைவேலைதான் முக்கியம். வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம், கீழிருந்து மேலாக மெதுவான பிடித்துவிடல், நாளைக்கு மூன்று நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கறத்தல், ஆட்டைக் கட்டிப்போடாமல் நடக்கவிடுதல். சில நாளில் வடிந்துவிடும். வடியவில்லை என்றாலோ ஒரு பக்கம் மட்டும் தங்கிவிட்டாலோ முடிவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது மடிநோய். பெரும்பாலும் ஒரு பக்கம். சூடு, சிவப்பு, வலி. தொட்டால் ஆடு உதைக்கும், குட்டியை அண்டவிடாது. அந்தப் பக்கத்துப் பின்னங்காலை அகட்டி வைத்து நொண்டுவது போல நடக்கும். புதியவர்கள் காலில் அடிபட்டிருக்கிறது என்று குளம்பைத் தேடுவார்கள். நொண்டும் பால் ஆட்டுக்கு முதலில் மடியைத் தொட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். பால் நிறம் மாறியிருக்கும். ஆட்டின் இயல்பான உடல் சூடு 38.5 முதல் 39.7 டிகிரி செல்சியஸ் வரை. 40-ஐத் தாண்டினால் காய்ச்சல்.

மூன்றாவதைப் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சி.ஏ.இ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வைரஸ் நோய், ஆடுகளின் மூட்டையும் மூளையையும் தாக்குவது. அதே வைரஸ் மடியையும் கெட்டியாக்கும். ஈன்ற அன்றே மடி பெருத்து, உள்ளே முழுக்க ஒரே இறுக்கமாக இருக்கும். அழுத்தினால் குழி விழாது, சூடு இருக்காது, காய்ச்சல் இருக்காது. வருகிற கொஞ்சப் பாலும் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் பால் இறங்காது. இரண்டு பாதியும் ஒன்றுபோலக் கெட்டி என்பதால், பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுப் பார்க்கும் நம் அளவுகோல் இங்கே உதவாது. இந்த மாதிரி ஆட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டுப் போட்டுப் பார்த்துப் பணமும் நாளும் போவதுதான் மிச்சம், வைரசுக்கு அது வேலை செய்யாது. இந்நோய்க்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. இரத்தப் பரிசோதனையில் உறுதி செய்யலாம். தொற்றிய ஆடு வாழ்நாள் முழுக்கத் தொற்றோடுதான் இருக்கும், முக்கியமாகச் சீம்பால், பால் வழியாகக் குட்டிகளுக்குக் கொடுக்கும். அதனால் தொற்றுள்ள மந்தையில் குட்டியைப் பிறந்தவுடன் தாயிடமிருந்து பிரித்து, 56 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்த சீம்பாலையும், பிறகு பாஸ்டர் முறையில் சூடாக்கிய பாலையும் புகட்டி வளர்க்கிறார்கள். 60 டிகிரியைத் தாண்டவிட்டால் சீம்பால் திரண்டு கெட்டியாகிவிடும், வெப்பமானி இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். மனிதருக்கு இந்த வைரஸ் தொற்றுவதில்லை.

இந்த மூன்றுக்கும் வெளியே இன்னொன்று. ஒரே கொட்டகையில் பல ஆடுகளுக்கு ஒரே சமயத்தில் பால் நின்றுபோய், கூடவே சில ஆடுகளுக்கு மூட்டு வீக்கம், சிலவற்றுக்குக் கண் சிவந்து நீர் வடிதல் என்று சேர்ந்து வந்தால் மைக்கோபிளாஸ்மா என்று சந்தேகிக்க வேண்டும். மடி, மூட்டு, கண் மூன்றும் சேர்ந்து கெடுவது அதன் அடையாளம். வேகமாகப் பரவும். இந்தக் கிருமிக்குச் செல் சுவரே கிடையாது. செல் சுவரைத் தாக்கும் பென்சிலின் வகை மருந்துகள் இதனிடம் பலிக்காது. தாமதிக்காமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள், ஆடு விற்பதையும் வாங்குவதையும் நிறுத்துங்கள்.

மடி நீலமானால் நேரம் கிடையாது

மடிக் கோளாறுகளில் மணிக்கணக்கில் ஆட்டைக் கொன்றுவிடக்கூடியது மடி அழுகல். பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியின் நச்சால் வருவது. அந்த நச்சு இரத்தக் குழாய்களைக் கெடுத்து, மடித் திசுவுக்கு இரத்தம் போகாமல் செய்துவிடுகிறது. காலையில் சிவந்து வீங்கியிருந்த பாதி மாலையில் நீலமோ ஊதாவோ ஆகி, பிறகு கறுக்கும். சூடாக இருந்த மடி ஜில்லென்று ஆகும். சூடு தணிந்துவிட்டது, குணமாகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அந்த இடம் செத்துப்போய்விட்டது. நல்ல தோலுக்கும் கெட்ட தோலுக்கும் நடுவே கோடு கிழித்ததுபோல எல்லை தெரியும். காம்பைப் பீச்சினால் இரத்தம் கலந்த தண்ணீர் வரும். ஆடு தீவனம் தொடாது, காது குளிர்ந்திருக்கும், எழுந்து நிற்கச் சிரமப்படும். உடல் சூடு முதலில் ஏறிப் பிறகு இயல்புக்கும் கீழே இறங்கும்.

இரவானாலும் மருத்துவரை அழைக்க வேண்டிய நிலை இது. இங்கே காப்பாற்றுவது ஆட்டின் உயிரைத்தான். அந்தப் பாதியைக் காப்பாற்ற முடியாது. பிழைத்த ஆட்டுக்கு அழுகிய பகுதி வாரக்கணக்கில் மெல்ல உரிந்து விழும், அல்லது மருத்துவர் அறுத்து எடுப்பார். அந்தச் சமயத்தில் வழியும் நீரும் விழும் சதையும் கிருமி நிறைந்தவை. ஆட்டைத் தனியாகக் கட்டி, ஈ மொய்க்காமல் பார்த்து, விழுந்ததை ஆழப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். மறுபாதி நன்றாக இருந்தால் அந்த ஆடு அடுத்த ஈற்றில் ஒரு காம்பிலேயே குட்டி வளர்த்துவிடும்.

சந்தேகம் வந்த முதல் நாளில் என்ன செய்வது

ஆட்டைப் பிரித்துக் கட்டுங்கள். சூடு பாருங்கள். கெட்ட பாதியின் பாலை ஒரு மூடிய பாத்திரத்தில் கறந்து அப்புறப்படுத்துங்கள். மருத்துவர் வேறு சொல்லும்வரை சில மணிக்கு ஒரு முறை அந்தப் பாதியைக் காலி செய்துகொண்டே இருப்பது நச்சையும் கிருமியையும் வெளியேற்றும். குட்டி இருந்தால் பிரித்து வேறு பால் கொடுங்கள். தண்ணீர் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மருந்து ஏற்றுவதற்கு முன்னால் பால் மாதிரி எடுத்துவிட வேண்டும். இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். மருந்து போன பிறகு எடுக்கும் மாதிரியில் கிருமி வளராது, எந்த மருந்து கேட்கும் என்றும் தெரியாது. கையைக் கழுவித் துடையுங்கள். காம்பு நுனியை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால், பஞ்சு அழுக்காகாமல் வரும்வரை துடையுங்கள். முதல் சில பீச்சைத் தள்ளிவிட்டு, கிருமி நீக்கிய குப்பியைச் சாய்வாகப் பிடித்து, உள்ளே விரல் படாமல் சில மில்லி பிடியுங்கள். இடமா வலமா என்று குப்பியில் எழுதிக் குளிரில் வையுங்கள். ஒரு நாளுக்குள் அனுப்ப முடியாதென்றால் உறையவைத்துவிடலாம்.

காம்பு வழியாக ஏற்றும் மருந்துக் குழல்களைப் பற்றி ஒரு வார்த்தை. மாட்டுக்கான குழல் பெரியதாயிற்றே என்று ஒரே குழலில் பாதியை இந்தக் காம்புக்கும் மீதியை அந்தக் காம்புக்கும் ஏற்றுகிறார்கள். சிக்கனம்தான், ஆனால் நோயுள்ள பக்கத்துக் கிருமியை நல்ல பக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதுதான். ஒரு பாதிக்கு ஒரு குழல். நுனியை முழுதாகக் குத்தி இறக்க வேண்டாம், துளைக்குள் மூன்று நான்கு மில்லிமீட்டர் போனால் போதும். ஆழமாகச் செலுத்தினால் காம்புத் துளையை அடைத்துக் காக்கும் மெழுகுப்படலம் கிழியும். இரண்டு காம்புக்கும் ஏற்றுவதானால், துடைக்கும்போது எட்ட இருக்கும் காம்பை முதலில் துடையுங்கள், மருந்தை ஏற்றும்போது கிட்ட இருக்கும் காம்புக்கு முதலில் ஏற்றுங்கள். துடைத்த காம்பில் கை உரசாமல் இருப்பதற்காக இந்த வரிசை.

எந்த மருந்து, எத்தனை நாள் என்பது மருத்துவர் வேலை. உங்கள் வேலை, சொன்ன நாள் முழுக்கக் கொடுப்பது. பால் தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தினால் கிருமி மடிக்குள் பதுங்கிக் கட்டியாகும். போன முறை மீந்த மருந்தைப் பக்கத்துக் கொட்டகையிலிருந்து வாங்கிப் போடுவதைப் போல நஷ்டம் தருவது வேறில்லை. வலி நிவாரணி கேட்டு வாங்குங்கள். வலி குறைந்தால்தான் ஆடு தீவனம் எடுக்கும், காலி செய்யவும் விடும். மேலே பூசும் பற்றும் களிம்பும் தோலுக்கு இதமாக இருக்கலாம், வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கலாம். ஆனால் காய்ச்சலோடு இருக்கும் ஆட்டுக்கு அதை மட்டும் தடவிவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

அந்தப் பாலை என்ன செய்வது? கொட்டுவதுதான் வழி. காய்ச்சினால் கிருமி சாகும், சரி. ஆனால் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாலில் விட்டுவைக்கும் ஒரு வகை நச்சு கொதித்தாலும் அழியாது, வாந்தி பேதி வரும். மருந்து எச்சமும் காய்ச்சுவதால் முழுதாகப் போய்விடாது. மருந்துக்குப் பின் எத்தனை நாள் பாலைத் தள்ளிவைக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் ஆட்டுக்கென்றே கேளுங்கள். பெட்டியில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் மாட்டுக் கணக்கு, ஆட்டின் உடலில் மருந்து தங்கும் காலம் வேறாக இருக்கலாம்.

தோலிலும் காம்பிலும் வருபவை

மடித்தோலில் சிறு சீழ்க் கொப்புளங்கள், முக்கியமாகக் காம்பு அடியில், வந்தால் பெரும்பாலும் தோல் கிருமிதான். கிருமிநாசினிக் கரைசலால் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, அந்த ஆட்டைக் கடைசியாகக் கறந்தால் அடங்கும். குட்டியின் உதட்டில் பொருக்கும் தாயின் காம்பில் புண்ணும் சேர்ந்து வந்தால் அது ஆர்ஃப் என்ற வைரஸ் நோய். கறப்பவர் கைக்கும் தொற்றும், கையுறை போடாமல் தொடாதீர்கள். இதில் பெரிய ஆபத்து புண்ணைவிட அதன் பின்விளைவு. வலியால் ஆடு குட்டியை உதறும், பால் தேங்கும், புண்ணில் வளரும் கிருமி துளைக்குள் இறங்கும், இரண்டே நாளில் மடிநோய். எனவே காம்புப் புண் வந்த ஆட்டை எப்படியாவது மென்மையாகக் கறந்து காலி செய்வதே பாதி வைத்தியம்.

ஈன்ற புதிதில் பால் இலேசான ரோஜா நிறத்தில் வந்தால், மடி மெத்தென்று இருந்து ஆடும் சுறுசுறுப்பாக இருந்தால், பயப்பட வேண்டாம். சுரப்பு திடீரென்று பெருகும்போது சிறு குழாய்கள் உடைவதால் வருவது. பாலைச் சற்று வைத்தால் சிவப்பு அடியில் படியும். சில நாளில் தானாகத் தெளியும். மென்மையாகக் கறப்பது போதும்.

சினையே ஆகாத இளம் ஆட்டுக்கு மடி விடுவதும் உண்டு. பால் வளம் மிகுந்த வம்சங்களில் அதிகம் பார்க்கலாம். ஆசைப்பட்டுக் கறக்கத் தொடங்காதீர்கள். கறக்கக் கறக்கச் சுரக்கும். அடர்தீவனத்தைக் குறைத்து, மடியைத் தொடாமல், சூடோ வலியோ இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவாருங்கள்.

கறக்கும் கையும் கறக்கும் வரிசையும்

மடிநோய் வராமல் தடுப்பதில் பாதிக்கு மேல் கறவை நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்காருங்கள். மடி அழுக்காக இருந்தால் மட்டும் கழுவுங்கள், கழுவினால் கட்டாயம் துடையுங்கள். ஆட்டுக்கு ஒரு துணி. ஈர மடியைக் கறந்தால் மடித்தோலின் அழுக்கெல்லாம் சொட்டுச் சொட்டாகக் காம்பு நுனிக்கும் பாத்திரத்துக்கும் இறங்கும். பாலிலோ எண்ணெயிலோ கையை நனைத்துக்கொண்டு கறக்கும் பழக்கம் பரம்பரையாக இருந்தாலும் விட்டுவிட வேண்டியது.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பு மடியோடு சேரும் இடத்தில் வளையமாக மூடி, பிறகு மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மூடிப் பீச்சுங்கள். காம்பைக் கீழே இழுக்கத் தேவையே இல்லை. கட்டைவிரலை மடக்கி உருவிக் கறப்பது காம்பின் உள்தோலைக் காயப்படுத்தும். வளையத்தைக் காம்புக்கு மேலே, மடிச் சதையைச் சேர்த்துப் பிடிப்பதும் தவறு.

கறந்து முடித்த உடனே காம்பில் மூன்றில் இரண்டு பங்கு நனையும்படி அயோடின் கரைசலில் முக்குங்கள். 0.5 முதல் 1 சதவீதம் வரையிலான, காம்புக்கென்றே விற்கும் கரைசலாக இருக்க வேண்டும். காம்பை முக்கி எடுத்த கிண்ணத்தில் மீந்ததைப் புட்டியில் திருப்பி ஊற்றக்கூடாது. கறந்த பிறகு அரை மணி நேரமாவது காம்புத் துளை முழுதாக மூடாது. அந்நேரத்தில் ஆடு படுத்தால் தரையில் உள்ளது நேரே உள்ளே போகும். அதற்குத்தான் தீவனத்தைக் கறவைக்குப் பிறகு போடச் சொல்வது, தின்னும் ஆடு நின்றுகொண்டிருக்கும். காம்பை முக்கி எடுத்த கையோடு குட்டியை ஊட்டவிட்டால் முக்கி எடுத்ததே வீண்.

வரிசையும் உண்டு. தலைச்சன் ஆடுகளும் சோதனையில் சுத்தமாக வந்தவைகளும் முதலில். சந்தேகத்துக்குரியவை பிறகு. மருந்தில் இருப்பது கடைசி. ஒரு கிருமி ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போக உங்கள் கைதான் முதல் வாகனம். இதற்குச் செலவே இல்லை, இருந்தும் முதலில் கைவிடப்படுவது இந்த வரிசைதான்.

கொட்டகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படுக்குமிடம் காய்ந்திருக்க வேண்டும், ஈனும் இடம் ஒவ்வொரு ஈற்றுக்கும் புதுப் படுக்கையோடு இருக்க வேண்டும், முள்ளும் கம்பியும் மடி உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. செலினியமும் வைட்டமின் ஈ-யும் குறைந்தால் மடியின் எதிர்ப்புத் திறன் குறையும். ஆனால் செலினியம் கூடினால் நஞ்சு, அளவைக் கேட்டு வாங்கிய தாது உப்புக் கலவையே போதும்.

பால் வற்றவைக்கும் வாரங்கள்

ஆட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பு, அதாவது சினை மூன்று மாதம் ஆகும்போது, கறவையை நிறுத்த வேண்டும். மடித் திசு பழுதுபார்த்துப் புதுப்பித்துக்கொள்ள அந்த இடைவெளி வேண்டும். முதலில் அடர்தீவனத்தைக் குறையுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள், அப்படிச் சொல்பவர்களை நம்பாதீர்கள். பால் குறைந்தபின் ஒரு நாள் முழுதாகக் கறந்து, காம்பை முக்கி, நிறுத்திவிடுங்கள். அடுத்த சில நாள் மடி நிறைந்து விறைக்கும். பார்க்கப் பாவமாக இருக்கும். அந்த அழுத்தம்தான் சுரப்பை நிறுத்தும் செய்தி. கொஞ்சம் கறந்துவிடலாமே என்று ஒவ்வொரு நாளும் கை வைத்தால் சுரப்பும் நிற்காது, காம்புத் துளையைக் காக்கும் அடைப்பும் உருவாகாது, துளை மட்டும் திறந்து திறந்து மூடும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் சூடாகியோ சிவந்தோ போனால் உடனே பார்க்க வேண்டும். வற்றும் முதல் வாரங்களில் மடிநோய் வர வாய்ப்பு அதிகம். சோதனையில் தவறிய ஆடுகளுக்கு இந்த நேரத்தில் நெடுநாள் மருந்துக் குழல் ஏற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கறவைக் காலத்தில் கேட்காத தொற்றுகூடச் சில சமயம் வற்றுக்காலத்தில் கேட்கும்.

எந்த ஆட்டை வைத்துக்கொள்வது

மருந்துக்குப் பிறகும் வெறும் மடியில் கட்டி தட்டுப்படுகிறது, அடுத்த ஈற்றிலும் அதே பாதி திரித்துப்போகிறது, கிருமிப் பரிசோதனையில் மறுபடி ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வருகிறது என்றால், அந்த ஆடு குணமாகும் என்று காத்திருப்பது மற்ற மடிகளைப் பணயம் வைப்பது. சிறு மந்தை வைத்திருப்பவருக்கு இது கஷ்டமான முடிவு, ஒவ்வொரு ஆட்டுக்கும் பெயர் வைத்திருப்பார். கறவையை விட்டு நீக்கிக் குட்டிக்கும் கொடுக்காமல் தனியே வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொள்ளலாம். கறவை வரிசையில் மட்டும் வேண்டாம். தரையைத் தொடும்படி தொங்கும் மடி, நடுச்சுவர் தளர்ந்து இரண்டு காம்பும் வெளியே திரும்பிய மடி இரண்டும் மிதிபடும், கிழியும். இந்த அமைப்பு குட்டிகளுக்கும் இறங்கும். ஆகவே அடுத்த தலைமுறைக்குப் பெட்டைக்குட்டி பொறுக்கும்போது தாயின் மடியைக் கறந்த பின் ஒரு முறை தொட்டுப் பாருங்கள், கிடாய் வாங்கும்போது அதன் தாய் மடியையும் கேட்டுப் பாருங்கள்.